வராத மனஸ்தாபம்

மதுக்கரைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கத்தோலிக்கப் பங்கில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பதற்கு முன்னால் இளவேனில், ரவிக்குமார் தம்பதியிடம் ஒரு மதியம் வந்து உட்கார்ந்தாக வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் திருச்சபையின் சட்டதிட்டங்களைப் பங்குச் சாமியார் அமல்தாஸ் சொல்லிவிடுவார். கட்டில் விஷயத்தைக் குடும்பம் நடத்துகிறவர்கள் சொல்வதுதான் நியாயம் என்று அந்தப் பகுதியை மட்டும் இவர்களிடம் விட்டிருந்தார்.

இளவேனிலுக்கு அதில் கூச்சம் கிடையாது. "உடம்பு அசிங்கம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கடவுள் அசிங்கமா எதையும் படைக்கலீங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்வது என்பது தன்னை முழுசாகக் கொடுப்பது. பிள்ளை வருகிற வழியை வேண்டுமென்றே அடைத்துவிட்டால் கொடுத்தது பாதியாகிவிடும். ஆகவே மாத்திரை, காப்பர்-டி, ஆபரேஷன் எதுவும் கூடாது. பிள்ளையைத் தள்ளிப்போட வேண்டுமானால் உடம்பு காட்டுகிற நாட்களைப் பார்த்து விலகியிருக்கலாம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவாள். ரவிக்குமார் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவான். கடைசியில் மாப்பிள்ளைகளைப் பார்த்து, "பொண்டாட்டி வேண்டாம்னா வேண்டாம்தானுங்க. நம்ம யோக்கியதை அங்கதான் தெரியும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

இவர்கள் இருவரும் நான்கு வருஷமாகத் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்பது அந்த ஜோடிகளில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவதாகப் பையன் பிறந்த வாரத்தில் இளவேனிலால் மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. கால்கள் இரண்டும் வீங்கித் தூண் மாதிரி ஆயின. பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, பிரசவத்தோடு இதயத்தின் சதை தளர்ந்துபோய்விட்டது என்றார். பிழைத்து எழுந்தது அதிசயம்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு ரவிக்குமாரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு தடவை உண்டாச்சுன்னா தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. புரியுதா?" குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளச் சொன்னார். இளவேனில் மாட்டேன் என்றுவிட்டாள். இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரைகளால் அவளுடைய மாத விலக்கு தாறுமாறாகி, வகுப்பில் சொல்லித்தருகிற நாள் பார்க்கும் வழி அவளுக்கே பயன்படாமல் போனது. மிச்சமிருந்தது ஒரே வழி. அவன் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான்.

அவள் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தாள் என்பதைப் புரிந்துகொள்ள அவளுடைய வீட்டாரைத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகத் தோட்டக் கூலிகள். பண்ணையக்காரர் வீட்டு வாசலில் தள்ளி நின்று கூலி வாங்கிய அவளுடைய அப்பா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நற்கருணை வாங்க முதல் ஆளாக எழுந்துபோவார். அந்த வரிசையில் அவரைத் தள்ளி நில் என்று சொல்ல ஆள் இல்லை. சாவான பாவத்தோடு, அதாவது கருத்தடை மாதிரியான பெரிய பாவத்தோடு, நற்கருணை வாங்கக் கூடாது என்பது சட்டம். எனவே அந்த வரிசையை இழக்கவைக்கிற எதையும் அந்த வீட்டில் செய்ய மாட்டார்கள்.

ரவிக்குமார் பிறவிக் கிறிஸ்தவன் இல்லை. அவிநாசிக்கு அந்தப் பக்கம் சுப்பையன் என்கிற கூலிக்காரரின் மகன். பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தபோது, அங்கே கணக்கெழுத வந்த இளவேனிலைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கினான். அதற்கு முன் ஒரு வருஷம் ஞான உபதேசம் படித்தான். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்டு, திருப்தியான பிறகே தலையை நீட்டினான். பிறவியிலேயே வந்தவர்கள் மனப்பாடமாகச் சொல்லித் தாண்டிப்போகிற இடத்திலெல்லாம் அவன் நின்று பார்ப்பான். பின்னால் இவர்கள் இருவரையும் மாட்டிவைத்தது இந்தக் குணம்தான்.

மார்ச்சில், தவக்காலத்தில் ஒரு நாள், சத்தியமங்கலத்தில் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் மாட்டப் போகிறேன் என்று கிளம்பினான். மறுநாள் திரும்பியவன் காலை அகட்டி நடந்தான். மோட்டார் தொடையில் இடித்துவிட்டது என்றான். அவளும் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஜூன் மாதம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் அவன் வந்து நின்றான்.

"இளா, ஒண்ணு சொல்லோணும். சத்தம் போட்டராத."

"என்னுங்க?"

"நான் ஆபரேசன் பண்ணிப்போட்டேன்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே விட்டாள். "ஐயோ, என்னாச்சுங்க உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆவுல. இனி நமக்குப் புள்ள உண்டாகாது. அந்த ஆபரேசன். சத்திக்குப் போறேன்னனே, அன்னிக்குத்தான். மூணு மாசம் போய் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. நேத்து ரிசல்ட் வந்துருச்சு. இனிப் பயம் இல்ல."

இளவேனிலுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. பல வருஷமாக நெஞ்சின் மேல் இருந்த கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. அப்படி மூச்சு விட்டதை உணர்ந்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பயத்தில் கத்தினாள்.

"யாரக் கேட்டுப் பண்ணுனீங்க?"

"உன்னையக் கேட்டா உடமாட்ட."

"அப்பப் பாவம்னு தெரிஞ்சேதான் பண்ணிருக்கறீங்க?"

"தெரிஞ்சேதான்" என்றான் அவன். "எனக்கு நீ வேணும். பக்கத்துலயும் வேணும், உசுரோடயும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு சொல்றது எனக்குச் சரின்னு தோணல."

அன்று முழுக்க யோசிக்க யோசிக்க ஒரு வழி தெரிந்தது. மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது சொன்னாள்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்க. நடந்ததச் சொல்லுங்க. பண்ணுன ஆபரேசனத் திருப்பிச் சரிபண்ணோணும்னு கட்டாயம் இல்லீங்க, நானே வகுப்புல சொல்லிருக்கறேன். மன்னிப்பு வாங்கிட்டா நாம பழைய மாதிரி இருக்கலாம்."

அவனும் சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போனான். அவள் வாசலிலேயே காத்திருந்தாள். திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தான்.

"மன்னிப்புக் கெடைக்கல."

"ஏனுங்க? சாமி திட்டிட்டாருங்களா?"

"சாமி தங்கமான மனுசன். மனஸ்தாபம் இருக்காப்பான்னு கேட்டாரு."

கோவிலில் மனஸ்தாபம் என்றால் சண்டை சச்சரவு இல்லை. செய்த பாவத்துக்காக மனம் நொந்து, இனிச் செய்ய மாட்டேன் என்று உறுதி எடுப்பது. அது இல்லாமல் சாமியார் எத்தனை மந்திரம் சொன்னாலும் பாவம் நீங்காது.

"உங்கிட்டச் சொல்லாமப் பண்ணுனதுக்கு மனசு நோவுது சாமின்னேன். அதுக்கு ரொம்ப நோவுது. ஆபரேசனுக்குன்னு கேட்டாரு. அதுக்கு வருத்தம் இல்லீங்க, மறுபடி அந்த நாள் வந்தா மறுபடியும் பண்ணுவேன்னேன். கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்கும், தேடிப்பாருன்னாரு. சித்த நேரம் கண்ண மூடித் தேடிப்பார்த்தேன் இளா. இல்ல."

"இருக்குன்னு வாயில சொல்லிருந்தா என்னுங்க?" என்றாள் அவள். "ஒரு வார்த்தைதானுங்களே!"

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். "சாமிகிட்ட வேணா பொய் சொல்லலாம். அங்க உக்கார்ந்து கேக்கறது அவரு இல்லியே, கடவுளாச்சே. நீதான எனக்கு அதச் சொல்லிக்குடுத்த."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் கஷ்டமாயின. நற்கருணைக்கு, அவர்கள் பேச்சில் நன்மைக்கு, எல்லோரும் எழும்போது ரவிக்குமார் மட்டும் முழந்தாளிலேயே இருந்தான். நம்பாதவனாக இருந்தால் பூசைக்கே வராமல் இருந்திருப்பான். அல்லது ஊருக்காக எழுந்துபோய் நாக்கை நீட்டியிருப்பான். அவனுக்கு இரண்டும் முடியவில்லை. மரியாயின் சேனை என்கிற பங்குச் சபையில் பெரிய கையான செசிலி அக்கா மூன்றாவது வாரம் இளவேனிலை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனம்மிணி, ரவித் தம்பி நன்மை வாங்கறதில்லியே. என்ன கோளாறு?"

"வயிறு வலிக்குதுங்களாம், நன்மைக்கு முந்திப் பசியோட ஒருபொழுது இருக்க முடியிலீங்க" என்று இளவேனில் சொன்னாள். கோவில் வாசலில் நின்று சொன்ன பொய்.

அமல்தாஸ் சாமியிடம் பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியே விட முடியாது. எதிரே பார்த்தால், "நல்லாருக்கீங்களாம்மா?" என்பார். அந்தக் கேள்வியில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு நொடி நிற்பார். எதுவும் தெரியாதவர் மாதிரியே அவர் இவர்களை மறுபடி வகுப்புக்குக் கூப்பிட்டார். கூப்பிடாமல் விட்டால் தெரிந்தது வெளிப்பட்டுவிடும் அல்லவா?

அந்த வகுப்புக்கு லாஸ்யா என்ற பெண் வந்தாள். ஒரு தெலுங்குக் குடும்பத்துப் பெண். பங்கைச் சேர்ந்த பையனைக் காதலித்துக் கட்டப்போகிறவள். இளவேனில் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இன்னொரு குழந்தை பெத்தா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்றாங்கன்னு வைங்க. அப்பவும் இதேதானா?"

"அப்பவும் இதேதானுங்க. விலகி இருந்துக்கலாம்."

"எத்தனை வருஷத்துக்கு?"

யாரும் கேட்காத கேள்வி. இளவேனில் பழக்கத்தில் ரவிக்குமாரைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான்.

"அந்தக் கேள்விக்கு என்றகிட்டப் பதில் இல்லீங்க அம்மிணி. இருக்கற மாதிரி இங்க உக்கார்ந்து பேசவும் முடியலீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

மீதி வகுப்பை இளவேனில் ஒற்றை ஆளாக முடித்தாள். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. முழுசாகக் கொடுப்பது, எதையும் பிடித்துவைக்காமல் கொடுப்பது என்று சொல்லும்போது முன்னறையில் விரித்த பாய் அவள் கண்ணில் நின்றது. நான்கு வருஷமாக எதைக் கொடுத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வந்தது. மழையோடு காற்றும் சேர்ந்து ஒரு மதியம் கரண்ட் போய், கம்பெனியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நனைந்து வந்த ரவிக்குமார் தலையைத் துவட்டாமல் முன்னறை ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தான். இளவேனில் துண்டை எடுத்துப்போய் அவன் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"இளா, நீ நல்லா யோசிச்சுக்க" என்றான் அவன்.

"யோசிச்சு யோசிச்சுத்தானுங்க இத்தனை வருஷம் போச்சு."

அவன் கதவைத் தாழிட்டான். அவளுக்கு அவனுடைய தோள் மறந்துபோயிருந்தது. இடது தோளில் வெல்டிங் பொறி பட்ட புதுத் தழும்பு ஒன்று இருந்தது. எப்போது வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தொட்டபோது அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துபோய் மூச்சு வாங்குதா என்று கேட்டான். இல்லை என்றாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இத்தனை நிம்மதியாக இருந்ததில்லை. அப்போதெல்லாம் அடுத்த பிரசவத்தின் யோசனை எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும். இப்போது அது இல்லை. முழுசாகக் கொடுப்பது என்று வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது இதைத்தான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அது விளங்கியது அவளே கூடாது என்று சொல்லித்தந்த வழியில் என்பதுதான் அடுத்து வந்த நினைப்பு. மழைச் சத்தத்தில் இரண்டும் சேர்ந்து அவளைப் போட்டு அழுத்தின.

ஆகஸ்ட் பதினைந்து மாதா விண்ணேற்புத் திருவிழா. அன்றைக்குத்தான் அவர்களுடைய மூத்த மகள் ஆன்சிக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அப்பாவும் அம்மாவும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நின்று வாங்குவது அந்தப் பங்கின் வழக்கம். திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை இளவேனில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டாள். பின்னல் தட்டிக்கு அந்தப் பக்கம் அமல்தாஸ் சாமியின் காது மட்டும் தெரிந்தது. முதலில் செசிலி அக்காவிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். பிறகு ஆபரேஷனையும் அந்த மழை மதியத்தையும் சொன்னாள்.

சாமியார் மெதுவாகப் பேசினார். "அவர் செஞ்சதுக்கு நீங்க பொறுப்பில்லம்மா. நீங்க கேக்கல, சம்மதிக்கல. பொய்க்கு மட்டும் வருத்தப்படுங்க, போதும். நீங்க தாராளமா நன்மை வாங்கலாம்."

மன்னிப்பின் கதவு திறந்துதான் இருந்தது. குனிந்து நுழைந்தால் போதும். இளவேனில் குனியத்தான் பார்த்தாள்.

"சாமி, நான் சந்தோசப்படறேனுங்க. அவரு பண்ணுனதுக்கு."

"சந்தோசப்படறது வேற, சம்மதிக்கறது வேறம்மா."

"என்ற விசயத்துல ரெண்டும் ஒண்ணுதானுங்க. அவரு பண்ணாம இருந்திருந்தா நல்லாருக்கும்னு நெனச்சுப் பாக்கறேன். நெனப்பு வர மாட்டேங்குது. மனஸ்தாபம் வரோணும்னு செபமாலை சொன்னேன், பட்டினியா ஒருசந்தி இருந்தேன். வருலீங்க சாமி."

சாமியார் தட்டிக்குப் பக்கமாக இன்னும் குனிந்தார்.

"வருத்தப்படணும்ங்கற ஆசையாவது இருக்கா? அது இருந்தாக்கூட அதைப் புடிச்சுக்கிட்டு ஏதாவது செய்யலாம்."

அவள் தனக்குள் தேடிப்பார்த்தாள். ரவிக்குமார் கண்ணை மூடித் தேடியது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது. ஆசை இருக்கிறது என்றால், அந்த மழை மதியம் நடந்திருக்கக் கூடாது என்று ஆசைப்பட வேண்டும். அவனை மறுபடி முன்னறைப் பாய்க்கு அனுப்ப ஆசைப்பட வேண்டும்.

"இல்லீங்க சாமி."

"இது நான் போட்ட சட்டம் இல்லம்மா" என்றார் அமல்தாஸ் சாமி. அவர் குரலில் களைப்பு இருந்தது. "ஆனா அதுக்கு வெளிய நின்னுக்கிட்டு என்னால எதுவும் பேச முடியாது. எப்ப வேணாலும் வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

மன்னிப்பு மந்திரம் சொல்லாமல் ஆசீர்வாதம் மட்டும் கொடுத்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள், இத்தனை நேரம் உள்ளே இருந்தவளின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ரவிக்குமாரிடம் சொன்னபோது அவன் திகைத்துப்போனான். "நீ வாங்கு இளா. உனக்குத்தான் சாமியே வழி சொன்னாரே. என்ற பாவத்த நீ ஏன் எடுத்துக்கறே?"

"உங்க பாவம் இல்லீங்க. என்றதுதான்."

திருவிழா அன்று ஆன்சி வெள்ளை கவுனும் பூ முடியும் வைத்துக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோரோடு பீடத்துக்குப் போனது. ஆன்சியின் பெயரை வாசித்தபோது ரவிக்குமாரும் இளவேனிலும் முழந்தாளிலேயே இருந்தார்கள். ஆன்சி எழுந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு திரும்பி அவர்களைப் பார்த்தாள். இளவேனில் போ என்று தலையை ஆட்டினாள். பிள்ளை தனியாக நடந்துபோய்க் கையை நீட்டியது. கோவில் முழுக்கப் பாட்டுச் சத்தம். ஆனாலும் பின்னால் இருந்தவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டது இளவேனிலுக்குக் கேட்டது. செசிலி அக்கா பாடுவதை நிறுத்திவிட்டு நேராக இவளையே பார்த்தாள்.

வீட்டில் ஒறம்பரை, சொந்தபந்தம் நிறைய இருந்தது. பிரியாணி பரிமாறி, போட்டோ எடுத்து, எல்லோரும் கிளம்பிப்போகச் சாயங்காலமாயிற்று. ஆன்சி பூ முடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவின் எதிரில் வந்து நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் என்னம்மா பாவம் பண்ணுனீங்க?"

இளவேனில் பூ முடியை எடுத்து டப்பாவில் வைத்தாள். "சாவான பாவம் இருந்தாத்தான் நன்மை வாங்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க" என்றாள் ஆன்சி.

"நான்தான் பண்ணுனேன் கண்ணு" என்று ரவிக்குமார் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து சொன்னான்.

"அப்ப அம்மா ஏன் வாங்கல?"

அவன் கழுவின தட்டையே மறுபடி கழுவினான். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பெரிய மனுஷி மாதிரி, "சாமிகிட்டப் போய்ச் சொல்லீருங்கப்பா. ஒண்ணும் பயமில்ல. நான் தம்பிய அடிச்சதச் சொன்னேன், உடனே மன்னிச்சுட்டாரு" என்றது.

"சொன்னோம் கண்ணு" என்றாள் இளவேனில்.

"அப்பறம்?"

"இன்னும் பேசிட்டிருக்கறோம்."

அது பொய்யா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆன்சி அரைமனதாகத் தலையாட்டிவிட்டு உடை மாற்றப் போனாள்.

அடுத்த வாரம் அமல்தாஸ் சாமி, திருமண வகுப்பை வேறொரு தம்பதி எடுப்பார்கள் என்று அறிவித்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை; திருவிழா அன்று கோவிலே பார்த்த பிறகு சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து பேரும் எட்டு மணிப் பூசைக்குப் போனார்கள். முன்னால் இடமிருந்தும் இளவேனில் கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். நற்கருணை நேரம் வந்ததும் ஆன்சி கைகளைக் குவித்துக்கொண்டு எழுந்து போனாள். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்கள் தாண்டிப் போவதற்காக ரவிக்குமார் முழங்காலை ஒரு பக்கமாக ஒடுக்கிக்கொண்டான். இளவேனிலும் அப்படியே ஒடுக்கிக்கொண்டாள்.